பந்தியும் பலிபீடமும்

ஐதராபாத் மாநகரின் கிழக்குப் பகுதியில், நாச்சாரத்தை அடுத்து, மல்லாபூர் என்றோர் இடம் இருக்கிறது. முன்னாளில் நகரத்துக்குப் புறம்பாயிருந்து, தொழிற்சாலைகள் பெருகப் பெருக நகரோடு ஒன்றிவிட்ட இடம் அது. சிறிது தொலைவில் மௌலா அலிக் குன்று தெரியும். தெலுங்கர், உருது பேசுவோர், ஒரியர், பீகாரிகள் எனப் பல மொழியாளரும் வேலை நாடி வந்து கூடும் இத்தகைய இடங்களில் தமிழ்க் குடும்பங்களும் ஆங்காங்கே வாழ்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவக் குடும்பம். தமிழில் வழிபாடு நடக்கும் ஆலயம் நெடுந்தொலைவில் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தலைவாரி, நல்லாடை உடுத்தி, வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் கையிலெடுத்துப் புறப்படுகிறார்கள். அவ்வேளையில், அடுத்த அறையில் தனியே குடியிருக்கும் ஒரியத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் முனகும் ஒலி கேட்கிறது. அவருக்கு இவர்கள் மொழி தெரியாது. இவர்களுக்கு அவர் மொழி தெரியாது. ஆராதனைக்கு நேரமாகிறது. அன்று திருவிருந்து நாள் வேறு. அவர்கள் என்ன செய்யவேண்டும்?

விடை எளிதன்றோ என்று நேயர்கள் வினவக்கூடும். நோயாளியைக் கவனிப்பதே முதற்கடமை என்று எவரும் சொல்லிவிடுவர். ஆயினும், சொல்லுதல் எளிது. வாழ்ந்து காட்டுதல் அரிது. சடங்கு பெரிதா, நற்செயல் பெரிதா என்னும் இந்த வழக்கு கிறித்தவ சமயம் தோன்றிய நாளிலிருந்தே தொடர்ந்து வருவது. அவ்வழக்கில் தமிழ் மண்ணுக்கும், நாம் இன்று வாழும் தெலங்கானா மண்ணுக்கும் தனிப் பங்கு உண்டு. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இயேசுநாதர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, யூத நாட்டுத் தீர்க்கதரிசிகளாகிய ஆமோசும் ஏசாயாவும் இக்கேள்வியை எழுப்பினர். ஏழையை ஒடுக்குகிற கை உயர்த்தும் பலியை இறைவன் விரும்புவதில்லை என்று அவர்கள் இடித்துரைத்தனர். இயேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதையை அறியாதார் இலர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாதவர்போல் விலகிச் சென்ற இருவர் யாவர்? ஒருவர் ஆலயத்துக் குரு. மற்றவர் ஆலயப் பணியாளராகிய லேவியர். நின்று காயத்தைக் கட்டியவனோ, யூதர் தம்மோடு சேர்த்துக்கொள்ளாத வேற்றினத்தான்.

பிற்காலத்தில் இவ்வழக்கு வேறொரு வடிவம் கொண்டது. மனிதன் மீட்படைவது நம்பிக்கையாலா, செயலாலா என்பதே அக்கேள்வி. நம்பிக்கையின் முதன்மையைப் பவுல் அப்போஸ்தலர் வற்புறுத்தினார். செயலோடு சேராத நம்பிக்கை உயிர் நீங்கிய உடலுக்கு ஒப்பு என்பது யாக்கோபின் கருத்து. 16-ஆம் நூற்றாண்டில் செர்மனியில் மார்ட்டின் லூத்தர் பவுலின் பக்கம் நின்று, யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். நற்செயல்களைக் கணக்கிட்டு, பாவமன்னிப்புச் சீட்டை விலைக்கு விற்ற அக்காலத்து முறைகேடுகளைக் கண்டு அவர் கொதித்தெழுந்தார் என்பதை மறத்தலாகாது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து நகரச் சங்கத்தில் இதற்கு மறுமொழி அளித்தது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1999 அக்டோபர் 31-ஆம் நாள், செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பொருள் குறித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இறையருளே முதல், நற்செயல் அவ்வருள் தரும் கனி என்பது அவர்கள் கண்ட பொதுக் கருத்து.

ஏட்டில் நடந்த வழக்கு இது. இவ்வழக்கு நாட்டில், வீட்டு வாசலில் நடந்ததைக் காண வேண்டுமாயின் தமிழகத்துக்கு வருவோம்.

1606-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டவராகிய இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தமிழர் வாழ்க்கையோடு ஒட்டிச் சமயம் பரப்ப எண்ணிக் காவியுடை பூண்டார்; புலால் மறுத்தார்; தமிழும் வடமொழியும் கற்றார். அவர் வழிவந்த இயேசு சபைக் குருமார், ஞானஸ்நானச் சடங்கில் தமிழருக்கு அருவருப்பூட்டும் பகுதிகளை விட்டுவிட்டனர். எச்சில் தொட்டுப் பூசுதலும், முகத்தில் ஊதுதலும் உரோமைச் சடங்கின் உறுப்புகள். எச்சிலைத் தீட்டென்று கொள்ளும் நாட்டில் இவற்றை எவ்வாறு செய்வது என்பது அவர்களுடைய கவலை.

இவ்வழக்கங்களைப் பற்றிய குற்றச்சாட்டு உரோமாபுரிக்கு எட்டியது. பாப்பரசரின் தூதராகத் துர்னோன் என்பார் 1703-இல் புதுச்சேரிக்கு வந்து விசாரணை நடத்தி, 1704 சூனில் ஓர் ஆணையை எழுதினார். ஞானஸ்நானத்தில் எச்சிலை விலக்கலாகாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது. சிறு குழந்தைகளுக்கு மணம் முடிக்கலாகாது என்று விதிகள் பல அதில் இருந்தன. அவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஊரார் தள்ளிவைத்த மக்களுள் ஒருவர் நோயுற்று இறக்கும் தறுவாயில் இருந்தால், குருவானவர் அவர் குடிசைக்குள்ளே சென்று ஆறுதலும் அருட்சாதனமும் அளிக்கவேண்டும் என்பதே அது.

இந்த ஒரு விதியில்தான் முழு வழக்கின் உயிரும் இருக்கிறது என்பது நம் கருத்து. அந்நாளில் மேல்சாதியாரிடையே பணிசெய்த குருமார் அக்குடிசைகளுக்குள் நுழைவதில்லை. நுழைந்தால் மேல்சாதிக் கிறித்தவர் தங்களைக் கைவிடுவர் என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே, சாகக் கிடப்பவரைக் குடிசைக்கு வெளியே தூக்கி வந்து குருவின் முன் கிடத்தும் நிலை ஏற்பட்டது. எச்சிலைப் பற்றியும் தாலியைப் பற்றியும் நாற்பது ஆண்டுகள் வாதங்களும் மறுப்புகளும் கடல் கடந்து போய்வந்தன. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனதிக்துப் பாப்பரசர் இறுதித் தீர்ப்பு வழங்கினார். குடிசைக்குள் செல்லும் கடமையை அவரும் வற்புறுத்தினார். முடிவு என்னாயிற்று? ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் குருமாரை ஏற்படுத்துவதென்று ஓர் இணக்கம் காணப்பட்டது. நோயாளிக்கு ஒரு குரு கிடைத்தார். ஆனால் அவரைத் தள்ளிவைத்த சுவர் அப்படியே நின்றது.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு சடங்கு சரியானதா, தவறானதா என்று கேட்பதற்கு முன், அச்சடங்கு யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று கேட்கவேண்டும்.

அதே 18-ஆம் நூற்றாண்டில், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் தஞ்சையில் வாழ்ந்தார். செர்மானியராகிய கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்பார் அவர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர்த் தஞ்சையில் நிலைகொண்டார். லூத்தரின் வழியில் வந்தவராதலின், செயலால் மீட்பு இல்லை என்பது அவர் கொள்கை. ஆனால் தமிழ்நாடு அவரை நினைவிற்கொண்டது எதனால்? 1780-ஆம் ஆண்டை ஒட்டி ஐதர் அலியின் படையெடுப்பால் சோழநாட்டு வயல்கள் பாழாயின, பஞ்சம் பரவியது. கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அரசன் சொல்லையும் கும்பினியார் சொல்லையும் நம்பி நெல்லோ வண்டிமாடோ தர மக்கள் முன்வரவில்லை; முன்னர்க் கொடுத்தவர்களுக்கு விலை கிடைக்காததே காரணம். சுவார்ட்ஸ் ஐயர் தம் வாக்கைப் பிணையாகக் கொடுத்தார். மாடுகள் வந்தன, நெல் வந்தது, சொன்னபடி விலையும் கொடுக்கப்பட்டது. கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய உழவர்கள் ஆயிரக்கணக்கில் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து ஏரைத் தொட்டனர். பகைவராகிய ஐதர் அலியும் அவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார்.

1798 பிப்ரவரியில் அவர் காலமானார். அவரிடம் வளர்ந்த மன்னர் இரண்டாம் சரபோசி அவர் நினைவாக இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் ஒன்றைச் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அது. தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் அதைக் காணலாம். சரபோசி ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றவர். சடங்கின் எல்லைக்கு வெளியே நின்ற ஒருவர், அச்சமயத்தார் ஒருவரின் வாழ்க்கைக்கு அவர்களுடைய ஆலயத்திலேயே சான்று நாட்டினார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் சுவார்ட்ஸ் ஐயரின் சபைகளிலும் சாதி ஒழியவில்லை. ஆலயத்தில் தனித்தனி இடம். திருவிருந்துக் கிண்ணத்தில் மேல்சாதியார் முதலிலும் மற்றவர் பின்னும் பருகினர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் இவ்வேறுபாட்டை உடனே ஒழிக்கவேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினர். எல்லாரும் ஒரே உடல் என்பதைக் காட்டவேண்டிய சடங்கு, எவர் உயர்ந்தவர் என்பதைக் காட்டும் சடங்காக மாறியிருந்தது. படிப்பது திருவாசகம், இடிப்பது சிவன்கோயில் என்னும் பழமொழி எச்சமயத்தார்க்கும் பொருந்துவது போலும்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இச்சுவர் கல்லும் சுண்ணாம்புமாகவே எழுந்தது. அவ்வூரின் திருக்குடும்ப ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. இரு கைகளும் பலிபீடத்தருகே கூடும். ஒன்றில் வேளாளர் முதலியோர், மற்றொன்றில் நாடார் முதலியோர். இடையே ஒரு சுவர். பீடத்தில் நிற்கும் குருவானவர் இரு பக்கத்தாரையும் காண்பார். இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் காணார். ஒரே பூசை, ஒரே அப்பம், நடுவே சுவர். 1910-ஆம் ஆண்டில் பங்குக்குருவாயிருந்த கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்துத் தள்ளினார். சுவரை மீண்டும் எழுப்பவேண்டும் என்று வழக்குத் தொடுத்தோர் உயர்நீதிமன்றம்வரை சென்றும் வெற்றிபெறவில்லை.

அதே 1910-ஆம் ஆண்டு, வேறொரு சுவரைப் பற்றிய பேச்சு கடல் கடந்து ஒலித்தது. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்திருந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆசிய நாட்டவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் தமிழர். அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், கிராமப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர்.

அசரியா அம்மாநாட்டில் என்ன பேசினார்? மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியாவுக்குப் பொருளைக் கொடுத்தனர், பள்ளியும் மருத்துவமனையும் கொடுத்தனர், உயிரையும் கொடுத்தனர். அதற்காக நாங்கள் நன்றி பாராட்டுவோம். ஆனால் எங்களோடு சமமாய் அமர்ந்து உண்ணும் நட்பை மட்டும் கொடுக்கவில்லை. அதைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவையினர் சிலர் நெகிழ்ந்தனர். சிலர் சினந்தனர் என்று வரலாறு கூறுகிறது.

நேயர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். சடங்குக்கு எதிராக நற்செயலை நிறுத்தி, நற்செயலே வென்றது என்று இதுவரை நாம் எண்ணி வந்திருக்கலாம். அசரியா அதற்கும் ஒரு வரம்பு கட்டினார். நற்செயலும் சடங்காகிவிடக்கூடும். கொடுப்பவர் மேலே நின்று கொடுக்க, கொள்பவர் கீழே நின்று கொண்டால், அங்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று நிற்கிறது. உள்ளதையெல்லாம் வழங்கினாலும் அன்பில்லையேல் பயனில்லை என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியதும் இதனையே.

இப்பேச்சை நிகழ்த்துமுன்பே அசரியா தம் சொல்லைச் செயலாக்கத் தொடங்கியிருந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளைக்கொண்டே பிற இடங்களுக்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டார். நம் நெல்லையாரால் இது ஏன் இயலாது என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் தைத்தது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டது. அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராது, தமிழர் காசில் தமிழர் நடத்தும் சங்கம் அது. அதன் முதற் பணிக்களமாக அமைந்த இடம் ஐதராபாத் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல்.

சென்னையிலிருந்து சார்மினார் விரைவு வண்டியில் ஐதராபாத்துக்கு வருவோர் தோர்ணக்கல் சந்திப்பைக் கடந்தே வருகின்றனர். கம்மத்துக்கும் வரங்கலுக்கும் இடையில், பெரும்பாலோர் உறங்கும் பின்னிரவு நேரத்தில் வண்டி அவ்வழியே ஓடும். அடுத்த முறை விழித்திருந்தால், நம்மில் ஒருவர் பிழைப்புக்காக அன்றிப் பிறர்க்காக வந்து குடியேறிய இடம் இது என்று நினைத்துக்கொள்வது தகும்.

1909-இல் அசரியா தோர்ணக்கல்லுக்கு வந்தார். தெலுங்கைக் கற்றார். மாட்டுவண்டியில் சிற்றூர்தோறும் சென்றார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராகத் திருநிலை பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்றார். அவரிடம் வந்தோர் பெரும்பாலும் மாலா, மாதிகா வகுப்புகளைச் சேர்ந்த ஏழை உழைப்பாளிகள். ஊரார் இவ்விரு வகுப்பினரையும் தள்ளிவைத்தனர். இவ்விரு வகுப்பினரும் ஒருவரையொருவர் தள்ளிவைத்தனர். ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் மொள்வதில்லை. ஒரே பந்தியில் உண்பதில்லை.

இவ்விரு வகுப்பினரையும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடச் செய்து, ஒரே கிண்ணத்தில் பருகச் செய்வதைத் தம் கடமையாகக் கொண்டார் அசரியா. அங்கே திருவிருந்து வெறுஞ் சடங்கன்று. தலைமுறை தலைமுறையாக ஒருவர் தொட்ட பாத்திரத்தை மற்றவர் தொடாதவர்கள் அக்கிண்ணத்தில் வாய்வைப்பது, எந்த நற்செயலுக்கும் குறைந்ததன்று. சடங்கும் செயலும் ஒன்றாகிய இடம் அது. குடி, சண்டை, அழுக்கு ஆகியவற்றை விட்டு அம்மக்கள் வாழ்வதைக் கண்டு, அவர்களைத் தள்ளிவைத்த சாதியார் சிலரும் பின்னாளில் அச்சபையை நாடினர். அவர்களை ஈர்த்தது சடங்கன்று. அண்டை வீட்டாரிடம் கண்ட மாற்றமே.

தோர்ணக்கல்லில் பேராலயம் ஒன்று எழுப்ப அசரியா பெரிதும் விரும்பினார். ஆயினும் அப்பணி முடியக் கால் நூற்றாண்டு ஆயிற்று. பொருள் வந்தபோது கட்டினர், வராதபோது நிறுத்தினர். 1939 சனவரி 6-ஆம் நாள் அது பிரதிட்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களும், பள்ளிவாசலை நினைவூட்டும் குவிமாடங்களும், சிலுவையும் ஒருங்கே அமைந்த கட்டடம் அது. உள்ளே வரும் எவரும், இது எனக்கு அயலான வீடு என்று எண்ணலாகாது என்பது கட்டியவரின் கருத்துப் போலும். 1945 சனவரி முதல் நாள் அசரியா காலமானார். அம்மண்ணிலேயே அடக்கம் பெற்றார்.

தெலங்கானாவில் இன்னும் இரண்டு இடங்கள் நம் பொருளுக்குச் சான்றாகின்றன. ஒன்று மேதக். ஐதராபாத்துக்கு வடக்கே உள்ள அவ்வூரில், சார்லஸ் வாக்கர் போஸ்நெட் என்னும் ஆங்கிலேயப் போதகர் மாபெரும் ஆலயம் ஒன்றை எழுப்பினார். 1914-இல் தொடங்கிய வேலை, 1924 டிசம்பர் 25-இல் பிரதிட்டையோடு முடிந்தது. கோபுரத்தின் உயரம் 175 அடி. வறுமையுற்ற நாட்டில் இத்துணைப் பெரிய கோபுரம் எதற்கு என்று எவரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அம்மாவட்டத்து மக்கள் தரும் விடை இது: அக்காலத்தில் பஞ்சம் வந்தது, இலவசமாய்க் கொடுத்தால் மானமுள்ளோர் கைநீட்ட நாணுவர், ஆகவே வேலை கொடுத்துக் கூலியாய்ச் சோறு கொடுத்தனர். கல் சுமந்தவர்களுள் எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். அக்கோபுரத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னே ஒரு வீட்டில் அடுப்பெரிந்தது என்று எண்ணிப் பார்த்தால், அதன் உயரம் வேறுவிதமாய்த் தோன்றுகிறது.

மற்றொன்று நிசாமாபாத்தை அடுத்த திச்பள்ளி. 1907-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவப் பெண்மணி இசபெல் கெர் அங்கே தொழுநோயாளருக்கு மருத்துவமனை அமைத்தார். பெரும் பொருள் கொடுத்து அதற்குத் துணைநின்றவர் நர்சா கௌடு என்னும் இந்து வள்ளல். 1915-இல் அம்மருத்துவமனை தொடங்கியது. கெர் அம்மையார் 1932-இல் இறக்குந்தனையும் அங்கேயே பணிபுரிந்தார்.

தொழுநோயைப் பற்றிக் கிறித்தவச் சடங்கு வரலாற்றில் வருந்தத்தக்க பக்கம் ஒன்று உண்டு. இடைக்கால ஐரோப்பாவில், தொழுநோய் கண்டவரை ஊரைவிட்டு விலக்குதற்கென்றே ஆலயத்தில் ஒரு சடங்கு நடத்தினர். சில இடங்களில் அது சவ அடக்கச் சடங்கைப் போன்றே அமைந்திருந்தது. உயிரோடு இருப்பவர்மீது ஒரு பிடி மண்ணைத் தூவி, இனி நீ உலகத்துக்கு இறந்தவன் என்று அனுப்பிவிடுவர். இயேசுநாதரோ தொழுநோயாளரைத் தொட்டார் என்று வேதம் சொல்லுகிறது. அவர் பெயரால் அமைந்த ஒரு சடங்கு, அவர் தொட்டவரைத் தள்ளியது. திச்பள்ளியில் ஒரு கிறித்தவப் பெண்மணியும் ஓர் இந்து வள்ளலும் சேர்ந்து அப்பழியைத் தம்மளவில் துடைத்தனர் எனலாம். அக்காலத்தில் நோயாளிக்குக் கிடைத்தது நீரடிமுத்து எண்ணெய் வகையைச் சேர்ந்த ஊசிமருந்து. பின்னாளில் சல்போன் மருந்துகள் வந்தன. 1980-களில் கூட்டுமருந்து முறை வந்தபின் இந்நோய் முற்றும் தீரக்கூடியதாயிற்று. மருந்து வருமுன்பே நோயாளியின் அருகே ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

இனி, சடங்கின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்த நம்மைப் போன்றோர்க்குச் சடங்கின் அருமை நன்கு தெரியும். தாய்மொழியில் ஒரு செபம்; தாய் பாடிய இராகத்தில் ஒரு கீர்த்தனை; கிறிஸ்து பிறப்பு நாளில் வாசலில் ஒரு நட்சத்திர விளக்கு; இறந்தவர் தலைமாட்டில் தமிழில் ஒரு வாசகம். இவை இல்லையேல், இரண்டாம் தலைமுறையில் நாம் யார் என்பதே மறந்துபோம். நற்செயல் செய்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை ஊட்டுவது சடங்கே. தென்னாட்டுச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன், வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை வேறு பாத்திரத்தில் எடுத்து வைப்பாள். அது சேர்ந்து பிறர்க்கு உதவும். அது சடங்கா, நற்செயலா? இரண்டையும் பிரிக்க இயலாது. சடங்கு அவ்வாறு இருத்தல் வேண்டும்.

இதனைச் சோதித்துப் பார்க்கும் காலம் ஒன்று நம் தலைமுறையிலேயே வந்தது. 2020 மார்ச்சு 25-இல் கொள்ளைநோயின் காரணமாக நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த உயிர்த்தெழுந்த திருநாளில் ஆலயக் கதவுகள் மூடியே கிடந்தன. கூட்டு வழிபாடு இல்லை; திருவிருந்து இல்லை; இறந்தோர்க்கு ஊர்கூடிய இறுதிச் சடங்கும் இல்லை. அதே வேளையில், ஐதராபாத்தைச் சுற்றிலும் வேலையிழந்த வெளிமாநிலத் தொழிலாளர் உண்ண உணவும் ஊர்செல்ல வழியுமின்றித் தவித்தனர். நாட்டிலேயே முதலாவதாக விடப்பட்ட தொழிலாளர் தனி இரயில், மே முதல் நாள் ஐதராபாத்தின் லிங்கம்பள்ளியிலிருந்துதான் சார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. சடங்குகள் எல்லாம் நின்றுபோன அந்நாள்களில், நாடெங்கும் கோயில், பள்ளிவாசல், குருத்துவாரம், தேவாலயம் என்ற வேறுபாடின்றிச் சோற்றுப்பொட்டலம் சுமந்து சென்றவர்கள் பலர். பலிபீடம் அடைபட்டபோதும் பந்தி அடைபடவில்லை. அடைபட்ட இடங்களும் உண்டு. அங்கே பலிபீடத்தால் என்ன பயன் விளைந்தது என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இனி, மல்லாபூரில் நாம் விட்டுவந்த குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் அன்று ஆலயத்துக்குப் போனார்களா, இல்லையா? குடும்பத் தலைவர் நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கலாம். தாயும் பிள்ளைகளும் ஆலயத்துக்குப் போயிருக்கலாம். அதில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. நம் வரலாறு கேட்கும் கேள்வி அடுத்த வாரத்தைப் பற்றியது. அவர் குணமடைந்த பின், அடுத்த அறையில் அவர் மீண்டும் பெயர் தெரியாதவராகிவிட்டாரா? அல்லது அவர் பெயரை இவர்கள் கேட்டறிந்து, அவர் மொழியில் நான்கு சொல் கற்றார்களா? நெல்லைச் சபைகளின் வழக்கப்படி தமிழ்ச் சபையில் அசனம் நடக்கும் நாளில், பெரிய அண்டாவில் சோறு வெந்து, இலைபோட்டு எல்லாரும் வரிசையாய் அமரும்போது, அந்த இலைகளில் ஒன்று அவருக்கும் உண்டா? அவருக்குப் பொட்டலம் கட்டிக்கொடுப்பது எளிது. பக்கத்து இலையில் அமரச் செய்வதே அசரியா கேட்ட நட்பு.

ஒரு தமிழர் தெலுங்கு நாட்டுக்கு வந்து, அம்மக்கள் மொழியைக் கற்று, அவர்களை ஒரே பந்தியில் அமர்த்தி, அம்மண்ணிலேயே கண்மூடினார். அவர் வந்த வழியிலேயே நாமும் வந்திருக்கிறோம். பலிபீடத்தின் முன் மண்டியிடுவோர், பந்தியில் இடம்விட்டு அமரவும் கற்பாராயின், சடங்கு பெரிதா, நற்செயல் பெரிதா என்னும் பழைய வழக்கு அவர்கள் வீட்டில் எழாது.